மூட்டுவலியும் அன்றாடப் பழக்கங்களும்: சேலம், ஏற்காடு மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் நகரத்திலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் மூட்டுவலியால் அவதிப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சை அளித்துவருகிறேன். அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மாத்திரையை மட்டுமே நம்பிக்கொண்டு, உடலை அசைக்கப் பயந்து, ஆண்டுக்கணக்கில் கட்டிலோடு முடங்கிப்போனவர்களைப் பார்க்கும்போதெல்லாம், தொடக்கத்திலேயே யாராவது இவர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் எழும். இதை எழுதுவதற்கு அந்த ஆதங்கமே காரணம். மருத்துவர் நேரில் பரிசோதித்துச் சொல்வதற்கு இது மாற்றாகாது.

மூட்டுவலி என்றாலே எலும்புத் தேய்மானம்தானா?

இல்லை. மூட்டுவலியில் பல வகைகள் உள்ளன. ஒன்றுக்கு நல்லதாக இருக்கும் சிகிச்சை மற்றொன்றுக்குப் போதாமல் போகும் என்பதால், முதலில் எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். நடுத்தர வயதைக் கடந்தவர்களிடம் அதிகமாகக் காணப்படுவது மூட்டுத் தேய்மானம். இது பெரும்பாலும் முழங்கால், இடுப்பு, கட்டைவிரலின் அடிமூட்டு, விரல் நுனி மூட்டுகள் ஆகியவற்றில் வரும். நடந்தாலும் படியேறினாலும் வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். காலையில் எழும்போது மூட்டு இறுகியிருந்தாலும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும்.

முடக்குவாதம் வேறு நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் இது வருகிறது. இரண்டு கைகளிலும் ஒரே மாதிரியாக மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் வீங்கும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். ஓய்வெடுத்தால் குறைவதற்குப் பதிலாகச் சற்று நடமாடிய பிறகே இளகும். இருபது, முப்பது வயதுப் பெண்களுக்கும் இது வரலாம். கவுட் என்பது யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் படிவதால் வருவது. பெரும்பாலும் இரவில், கால் கட்டைவிரலின் அடியில், போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத அளவுக்குத் திடீரென வலி எடுக்கும். இவை தவிர, தோலில் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு வரும் மூட்டுவீக்கம் போன்ற வேறு வகைகளும் உண்டு.

காலையில் எழுந்த பிறகு மூட்டு இளக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

ஏற்கெனவே தேய்ந்துபோன முழங்கால். நடந்தால் இன்னும் தேய்ந்துவிடாதா?

என்னிடம் வருபவர்களின் மனத்தில் வேரூன்றியிருக்கும் பயம் இதுதான். வண்டியின் டயர் போல மூட்டும் ஓட ஓடத் தேய்வது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தோடு நடையைக் குறைக்கிறார்கள், பிறகு படியேறுவதை விடுகிறார்கள், கடைசியில் கடைக்குப் போவதற்கும் ஆள் தேட வேண்டியதாகிறது.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. நாம் அடியெடுத்து வைக்கும்போது அது அழுந்துவதும், காலைத் தூக்கும்போது அந்த அழுத்தம் விலகுவதுமாக மாறி மாறி நடப்பதால்தான் அந்தத் திரவம் உள்ளே போய்வருகிறது. அசையாத மூட்டுக்கு இந்த ஊட்டம் குறைகிறது. அதோடு, முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. வலிக்குப் பயந்து காலை அசைக்காமல் வைத்தால் சில வாரங்களிலேயே அந்தத் தசை மெலிந்துவிடும். தசை மெலிந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் மூட்டே நேரடியாகத் தாங்க வேண்டியிருப்பதால் வலி கூடும். வலி கூடினால் இன்னும் அசைய மனம் வராது. மூட்டுத் தேய்மானத்தில் பலரை முடக்கிப்போடுவது தேய்மானத்தைவிட இந்தச் சுழல்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, நடக்கலாம், நடக்கவும் வேண்டும். காந்தி மைதானத்தில் காலையில் வேகமாகச் சுற்றி வருபவர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். சமதரையில் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு நிமிடங்களாகக் கூட்டிக்கொண்டே போகலாம். மொத்தமாக முடியாதவர்கள் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த அளவை எட்டுவதற்கு மாதங்கள் பிடித்தாலும் பரவாயில்லை. மூட்டு சூடாக, வீங்கியிருக்கும் நாட்களில் மட்டும் நடையைக் குறைத்து, படுத்தபடி மெதுவாக மடக்கி நீட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி எது?

ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைச் சொல்வேன். சுவரோடு ஒட்டிப்போட்ட, ஆடாத நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள். இரண்டு பாதங்களையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, தரையில் முழுதாகப் பதியுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை உடலை முன்னால் சாய்த்து, குதிகாலை அழுத்தி எழுந்திருங்கள். எழுவதைவிட உட்காருவதே முக்கியம்: தொப்பென்று விழாமல், மனத்துக்குள் ஐந்துவரை எண்ணியபடி மெல்ல இறங்க வேண்டும். தொடக்கத்தில் கையூன்றி எழலாம். அதுவும் சிரமமாக இருந்தால், கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டு இருக்கையின் உயரத்தைக் கூட்டலாம். ஐந்து முறையில் தொடங்கிப் பத்துவரை கொண்டுவந்து, பிறகு தலையணையை எடுத்துவிடலாம். கழிப்பறையிலும் பேருந்து இருக்கையிலும் பூசை அறையிலும் நாம் தடுமாறுவது இதே அசைவில்தான் என்பதால், இதன் பலன் நேராக அன்றாட வாழ்க்கையில் தெரியும்.

இதற்குத் துணையாக, மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, மற்றதை விறைப்பாக ஓர் அடி உயரத்துக்குத் தூக்கி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்கும் பயிற்சியையும் செய்யலாம். மூச்சை அடக்கிக்கொள்ளக் கூடாது.

பயிற்சியின்போது லேசான வலி வருவது இயல்பு. செய்து முடித்து இரண்டு மணி நேரம் ஆகியும் வழக்கத்தைவிட வலி கூடுதலாக இருந்தாலோ, மறுநாள் மூட்டு வீங்கியிருந்தாலோ, அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். பத்தே நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று கைவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

உடல் எடைக்கும் முழங்கால் வலிக்கும் அவ்வளவு தொடர்பு உண்டா?

உண்டு. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. எண்பது கிலோ உள்ளவர் எட்டு கிலோ குறைத்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைத்தால், வலியில் தெளிவான மாற்றம் தெரியும். பட்டினி கிடக்கத் தேவையில்லை. இரவில் சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவது, தேநீரில் சர்க்கரையைக் குறைப்பது, மாலையில் தட்டுவடை செட்டும் பஜ்ஜியும் தினசரி வழக்கமாகாமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றிலிருந்தே தொடங்கலாம்.

நாள் முழுவதும் தரையில் உட்கார்ந்து செய்யும் தொழில். வேலையை விட முடியாது. என்ன செய்வது?

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்பவர்கள் இதைக் கேட்காத வாரம் இல்லை. சம்மணமிட்டுக் குனிந்து, கண்ணிக்குக் கண்ணி பற்றவைக்கும் வேலையில், முழங்கால் முழுதாக மடங்கிய நிலையிலேயே மணிக்கணக்கில் இருக்கிறது. அப்படி மடங்கியிருக்கும்போது முழங்கால் சிப்பிக்கு அடியில் அழுத்தம் மிகவும் அதிகம். சம்மணமிடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதுதான் கெடுதல். அரை மணிக்கு ஒருமுறை ஒரு காலை நீட்டி, பாதத்தை முன்னும் பின்னும் பத்து முறை அசைத்து, பிறகு மறுகாலை நீட்டுங்கள். வேலை தடைபடாமல் இதைச் செய்யலாம். உட்காரும் இடத்தில் நான்கு விரல் உயரத்துக்குக் கெட்டியான பலகையோ மடித்த சாக்கோ போட்டால், முழங்கால் மடங்கும் அளவு குறையும். முதலாளிமார்கள் மனம் வைத்தால், வேலைப்பலகையை உயர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தே இந்த வேலையைச் செய்யும்படி அமைத்துத் தரலாம். நல்ல தொழிலாளி ஐம்பது வயதில் வேலையைவிட்டு நிற்பதைவிட அதற்காகும் செலவு குறைவு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அம்மாப்பேட்டை, குகை பகுதிகளில் குழித்தறியில் நெய்பவர்களுக்குக் கால் தொங்கியிருப்பதால் முழங்கால் அவ்வளவு மடங்குவதில்லை. அவர்களுக்குச் சிக்கல் குழியிலிருந்து ஏறும்போதுதான். பக்கவாட்டில் பிடித்து எழ ஒரு கட்டையைப் பதித்துவிட்டால் பாதித் துன்பம் குறையும்.

வீட்டு வேலையிலும் இதே கணக்குதான். அரிவாள்மனையைத் தரையில் வைத்து நறுக்குவதற்குப் பதிலாக மேசையில் கத்தியால் நறுக்கலாம். கைவிரல் மூட்டு வலிப்பவர்கள் துணியை முறுக்கிப் பிழியாமல், குழாயில் மடித்துப் போட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி நீரை வடிக்கலாம். நிறைகுடத்தை இடுப்பில் வைப்பதைவிட இரண்டு சிறிய வாளிகளில் பிரித்துக்கொள்வது நல்லது. உட்கார்ந்து எழும் வகைக் கழிப்பறை வைக்க வசதி இல்லாதவர்களுக்கு, நடுவில் துளையிட்ட கழிப்பறை நாற்காலிகள் மருத்துவப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. சுவரில் ஒரு கைப்பிடியும் வேண்டும்.

ஏற்காட்டில் இருக்கிறோம். வீட்டைவிட்டு இறங்கினாலே மேடும் பள்ளமும்தான். முழங்கால் வலியோடு எப்படிச் சமாளிப்பது?

ஏறும்போது மூச்சு வாங்குவதால் ஏற்றம்தான் கெடுதல் என்று தோன்றும். ஆனால், முழங்காலை அதிகம் வருத்துவது இறக்கம். காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் பருவத்தில், பனியில் நனைந்த சரிவில், நிறைந்த சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் இறங்குவதைக் கவனித்திருக்கிறேன். முன்காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் முழங்கால் சற்றே மடங்கி, உடலின் எடையையும் சாக்கின் எடையையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துகிறது. அந்தக் கணத்தில் தொடைத்தசை சோர்ந்திருந்தால் சுமை முழுவதும் மூட்டில் இறங்கும்.

நேராக இறங்காமல் சரிவில் குறுக்காக வளைந்து வளைந்து இறங்குவது, அடியைச் சிறிதாக வைப்பது, சுமையை இரண்டு நடையாகப் பிரிப்பது, கையில் ஓர் ஊன்றுகோல் வைத்திருப்பது ஆகிய நான்கும் உதவும். தேய்ந்துபோன ரப்பர் செருப்போடு ஈரச் சரிவில் இறங்கவே கூடாது; பின்வார் உள்ள, அடிப்பகுதி வழுக்காத காலணி வேண்டும். படிகளில், ஏறும்போது வலியில்லாத காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வையுங்கள்.

குளிரால் மூட்டு கெட்டுவிடுமா? மலையைவிட்டுச் சேலத்துக்கே குடிவந்துவிடலாமா?

வேண்டாம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் மார்கழி, தை மாதங்களில் மூட்டு இறுக்கமும் வலியும் கூடுவதாகப் பலர் சொல்வது உண்மைதான். ஆனால், குளிர் மூட்டைத் தேய்ப்பதில்லை. சிலருக்கு வலியைக் கூடுதலாக உணரச் செய்கிறது, அவ்வளவுதான். காலையில் எழுவதற்கு முன் போர்வைக்குள்ளேயே கை கால்களைப் பத்து முறை மடக்கி நீட்டுங்கள். இறுகிய மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் பதினைந்து நிமிடம் கொடுக்கலாம். சூடாக வீங்கிய மூட்டுக்குத் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் நல்லது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் சூட்டின் அளவை வேறொருவரின் கையால் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒத்தடத்தில் கால் வெந்து புண்ணாகி வருபவர்கள் உண்டு.

கிழங்கும் பருப்பும் புளியும் வாய்வு என்று ஒதுக்கச் சொல்கிறார்கள். சரியா?

மரவள்ளி விளையும் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கிழங்கோ புளியோ தக்காளியோ மூட்டைத் தேய்ப்பதற்குச் சான்று இல்லை. மரவள்ளியிலும் ஜவ்வரிசியிலும் மாவுச்சத்து மிகுதி என்பதால், எடையும் சர்க்கரையும் கூடியவர்கள் அளவைப் பார்க்க வேண்டும். பருப்பை ஒதுக்குவதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். சைவ உணவு உண்ணும் முதியவர்களுக்குப் பருப்பும் பயறும்தான் முக்கியமான புரதம். அதையும் நிறுத்தினால் தசை எதிலிருந்து வளரும்?

கவுட் உள்ளவர்களுக்கு மட்டும் உணவில் தனிக் கவனம் தேவை. ஈரல், குடல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, ஆட்டிறைச்சி, சிலவகைக் கடல் மீன்கள், மது, குறிப்பாக பீர், இனிப்பூட்டிய குளிர்பானங்கள் ஆகியவை யூரிக் அமிலத்தைக் கூட்டும். பருப்பும் காய்கறியும் அந்த அளவுக்குத் தீங்கு செய்வதில்லை. சேலத்துச் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதும் கவுட் வலியைத் தூண்டலாம். ஆனாலும், அடிக்கடி கவுட் வருபவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. ரத்தத்தில் யூரிக் அமிலத்தை 100 மில்லிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவரும் மருந்தை மருத்துவர் சொல்லும் காலம்வரை சாப்பிட வேண்டும்.

முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தால் மூட்டுவலி தீருமா?

ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பழுப்பு ரோமம் மூடிய ஆட்டுக்கால் போன்ற தோற்றத்தில் சாலையோரம் விற்கப்படும் இது, பாறையிலும் மரத்திலும் படரும் ஒருவகைப் பெரணியின் தண்டு. ரோமத்தைச் சீவி எடுத்து, இடித்து, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துக் கொதிக்கவைத்த சூப் குளிருக்கு இதமாகவே இருக்கும். மலை மக்கள் நெடுங்காலமாக உண்டுவருவதை இகழ எனக்கு உரிமை இல்லை. அதே நேரத்தில், இது தேய்ந்த மூட்டை வளர்க்கும் என்றோ முடக்குவாதத்தைப் போக்கும் என்றோ சொல்வதற்குப் போதிய சான்று இல்லை. உணவாகக் குடியுங்கள்; இதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் போடலாமா?

கூடாது. டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் வயிற்றில் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகக் கேடு, ரத்த அழுத்த உயர்வு ஆகியவை வரலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். முழங்காலுக்கும் விரல்களுக்கும் டைக்ளோஃபினாக் களிம்பைத் தடவுவது மாத்திரையைவிடப் பாதுகாப்பானது. மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, பெயரே இல்லாத பொட்டலங்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிடும் என்று தரப்படும் பொடியிலும் உருண்டையிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். முதல் வாரம் அற்புதம் போலத் தெரியும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், தோல் மெலிந்து எளிதில் கன்றிப்போகும், எலும்பு வலுவிழந்து சிறு விழுதலிலேயே முறியும். இப்படி ஏற்கெனவே பல மாதங்களாகச் சாப்பிட்டு வருபவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், ஒளிக்காமல் சொல்லுங்கள்.

முடக்குவாதத்தைப் பயிற்சியாலும் உணவாலும் மட்டும் கட்டுப்படுத்த முடியுமா?

முடியாது. அந்த நோயைத் தணிக்கும் மருந்துகளை முதல் சில மாதங்களுக்குள் தொடங்கினால் விரல்கள் கோணிப்போவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். தாமதித்தால் இழந்தது திரும்பாது. மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை தரப்பட்டிருந்தால், அது வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. நாட்காட்டியில் கிழமையைக் குறித்து வையுங்கள். ரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். குழந்தை பெற எண்ணும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் இந்த நோயைத் தீவிரமாக்கும். பயிற்சி இவர்களுக்கும் தேவைதான், மருந்தோடு சேர்த்து.

முழங்காலில் சொடக்குச் சத்தம் கேட்கிறது. ஆபத்தா?

வலியோ வீக்கமோ இல்லாத சத்தத்துக்குக் கவலைப்படத் தேவையில்லை.

சிக்குன்குனியா வந்து போய் மாதங்களாகியும் வலி போகவில்லையே?

2006ஆம் ஆண்டுப் பரவலின்போது தமிழ்நாட்டில் பலர் பட்ட துன்பம் இது. காய்ச்சல் ஒரு வாரத்தில் தணிந்தாலும், மூட்டுவலி சிலருக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும். பெரும்பாலோருக்கு மெல்ல மெல்லக் குறைந்துவிடும். மூன்று மாதம் கடந்தும் மூட்டு வீங்கியே இருந்தால், மூட்டுவாத நோய் மருத்துவரைப் பார்த்து, முடக்குவாதம் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அம்மா கைத்தடி பிடிக்க வெட்கப்படுகிறார். எந்தக் கையில் பிடிக்க வேண்டும்?

வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில். வலது முழங்கால் வலித்தால் இடது கையில் பிடித்து, வலது காலோடு சேர்த்துத் தடியையும் முன்னே வைக்க வேண்டும். செருப்பு அணிந்து நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். வெட்கத்தைப் பற்றி ஒன்று சொல்வேன்: தடி பிடித்தாவது கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்குப் போய்வருகிற அம்மாவைப் பார்த்து ஊரார் ஒன்றும் நினைக்கப் போவதில்லை. அவரோடு பிள்ளைகளும் பொறுமையாக, அவர் வேகத்துக்கு நடந்தால் போதும்.

எந்த நிலையில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து, சூடாகி, வீங்கினால் அது மூட்டுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டாலும், தூக்கத்தைக் கெடுக்கும் இரவு வலியோடு உடல் இளைத்துக்கொண்டே வந்தாலும், கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலும் தாமதிக்கக் கூடாது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியாருக்குப் போக வசதியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

எங்கள் அம்மாயியால் வீட்டைவிட்டு வரவே முடியவில்லை. யாராவது வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா?

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ அம்மாயியின் பெயரைப் பதிவு செய்யுங்கள். சிகிச்சையாளர் வரும் நாளில் வீட்டில் ஒருவர் கூடவே இருந்து, பயிற்சியைக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் அடுத்த முறை வரும்வரை தினமும் அதைச் செய்யவைக்கப் போவது அந்த ஒருவர்தான்.